ஆதரவு இல்லாத பழைய கணினியில் விண்டோஸ் 11: பென்டிரைவ் வழியாக நிறுவ முழுமையான வழிகாட்டி

‘இந்தக் கணினியில் விண்டோஸ் 11-ஐ இயக்க முடியாது’ என்று திரையில் வரும் ஒற்றை வரியை நம்பி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பை அலமாரியில் வைத்துப் பூட்டியவர்கள் பலர். அந்த வரியில் இரண்டு வேறு செய்திகள் கலந்து கிடக்கின்றன. மைக்ரோசாஃப்ட் விதித்த நிபந்தனை உங்கள் கணினியில் நிறைவேறவில்லை என்பது ஒன்று. உங்கள் ப்ராசஸரால் அந்த விண்டோஸை ஓட்டவே முடியாது என்பது இன்னொன்று. முதலாவது வாசலில் நிற்கும் காவலாளி. பேசி உள்ளே போய்விடலாம். இரண்டாவது சுவர், அதை எந்தப் பென்டிரைவாலும் தாண்ட முடியாது. உங்கள் கணினிக்கு முன்னால் நிற்பது எது என்று தெரிந்துகொள்வதே இந்த வேலையில் பாதி.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பதிந்த தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கெடு. அதற்கு மேலும் பழைய கணினியைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

காவலாளியா, சுவரா?

விண்டோஸ் 11 கேட்கும் முக்கிய நிபந்தனைகள் இவை: டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், செக்யூர் பூட் (நம்பகமான நிரலை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) வசதியுள்ள யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த, கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்), 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், மைக்ரோசாஃப்ட் பட்டியலில் உள்ள ப்ராசஸர். அந்தப் பட்டியல் பெரும்பாலும் இன்டெலில் எட்டாம் தலைமுறையிலும், ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலும் தொடங்குகிறது. இவை எல்லாம் காவலாளி வகை. நிறுவும் நிரல் கேள்வி கேட்கிறது, பதில் பிடிக்காவிட்டால் நிறுத்துகிறது. அவ்வளவுதான்.

சுவர் வேறு. 2024 அக்டோபரில் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, ப்ராசஸருக்குள் எஸ்எஸ்இ4.2, பாப்கவுன்ட் என்ற கட்டளைகள் கட்டாயம் இருந்தாக வேண்டும். விண்டோஸின் மையப் பகுதியே அந்தக் கட்டளைகளைப் பயன்படுத்துவதால், அவை இல்லாத ப்ராசஸரில் அது பூட் ஆகவே, அதாவது இயங்கத் தொடங்கவே, செய்யாது. இன்டெலில் கோர் ஐ வரிசையின் முதல் தலைமுறையிலிருந்தே இவை உண்டு. ஏஎம்டியில் 2011-இல் வந்த புல்டோசரிலிருந்து உண்டு. கோர் 2 டுவோ, கோர் 2 குவாட், ஃபீனம் 2 போன்ற பழைய ப்ராசஸர்கள் இந்தச் சுவரைத் தாண்ட முடியாதவை. இவற்றில் அதற்கு முந்தைய 23எச்2 பதிப்பு ஓடும் என்று யாராவது சொன்னால் அது உண்மைதான். ஆனால் அதன் ஹோம், ப்ரோ பதிப்புகளுக்கான ஆதரவு 2025 நவம்பர் 11-இல் முடிந்துவிட்டது. பாதுகாப்புக்காகத்தான் மாறுகிறோம் என்றால் அங்கே போய்ப் பயனில்லை. அந்தக் கணினிக்கு லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை நிறுவுவதே நல்லது. 32 பிட் ப்ராசஸருக்கும் இதே பதில்தான். விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது.

உங்கள் ப்ராசஸர் எது என்று அறிய, செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட் பாருங்கள். இன்டெல் கோர் ஐ பெயரில் முதல் எண்கள் தலைமுறையைச் சொல்லும்: ஐ5-3320எம் என்றால் மூன்றாவது, ஐ7-6700 என்றால் ஆறாவது.

காவலாளியைச் சுற்றிப்போகும் முன் இன்னொன்றையும் சோதித்துவிடுங்கள். டிபிஎம் சிப் இருந்தும், கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் அணைந்து கிடப்பது மிகச் சாதாரணம். இன்டெல் கணினிகளில் பிடிடி என்ற பெயரிலும், ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் அது ஒளிந்திருக்கும். அதை இயக்கி, செக்யூர் பூட்டையும் இயக்கியபின் மைக்ரோசாஃப்டின் சோதனை நிரலான பிசி ஹெல்த் செக் பச்சைக்கொடி காட்டினால் இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவையில்லை, நேர்வழியில் போய்விடலாம்.

நிறுவுவதால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆதரவில்லாத கணினிக்கு, பாதுகாப்பு அப்டேட் உட்பட எதற்கும் உத்தரவாதம் தர முடியாது என்பதே மைக்ரோசாஃப்டின் நிலை. நடைமுறையில் மாதாந்திர பாதுகாப்பு அப்டேட்கள் இப்படிப்பட்ட கணினிகளுக்கும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆண்டுக்கொருமுறை வரும் பெரிய பதிப்பு மட்டும் பெரும்பாலும் தானாக வராது. அதைக் கையால் செய்ய வேண்டும். சில விளையாட்டுகளும் அடம்பிடிக்கும். உதாரணமாக, விண்டோஸ் 11-இல் வேலரன்ட் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் இயங்கியாக வேண்டும். அந்த விளையாட்டுக்காகத்தான் கணினி என்றால் இந்த வழியில் இறங்காதீர்கள்.

அலுவலகத்தின் கணினி, பிறருடைய தரவு இருக்கும் கணினி, ஒருநாள் நின்றாலும் பிழைப்பு கெடும் என்ற நிலையில் உள்ள கணினி ஆகிய மூன்றிலும் இதைச் செய்யவே கூடாது என்பது என் கருத்து. வீட்டுக் கணினி, பிள்ளைகள் படிக்கும் கணினி, எழுதவும் இணையம் பார்க்கவும் வைத்திருக்கும் கணினி என்றால் தாராளமாகச் செய்யலாம். மூன்றாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், சாதாரண எஸ்எஸ்டி உள்ள ஒரு லேப்டாப்பில் நான் நிறுவியிருக்கிறேன். தினசரி வேலைக்கு அது குறையில்லாமல் ஓடுகிறது.

அந்த எஸ்எஸ்டியைப் பற்றி ஒரு வார்த்தை. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 11-ஐ நிறுவி, ‘கணினி பழசாகிவிட்டது’ என்று சலித்துக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையில் வருத்தமாக இருக்கும். பழசானது டிஸ்க் மட்டுமே. ப்ராசஸரை மாற்றுவதைவிட, ரேமைக் கூட்டுவதைவிட, முதலில் எஸ்எஸ்டிக்கு மாறுங்கள். ரேம் 4 ஜிபி மட்டும் இருந்தால் அடுத்ததாக அதை 8 ஆக்குங்கள். அந்த வரிசையில்தான் பலன் தெரியும்.

தொடங்கும் முன்

இங்கே அவசரப்பட்டால் பிறகு அழ வேண்டியிருக்கும். டிஸ்க்கைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவப்போகிறோம். படங்கள், ஆவணங்கள், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், மெயில் கோப்புகள் எல்லாவற்றையும் வெளியே இன்னொரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். எடுத்தபின், அந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி நாலைந்து கோப்புகளைத் திறந்தும் பாருங்கள். திறந்து பார்க்காத பேக்அப்பை பேக்அப் என்று கணக்கில் வைக்க முடியாது.

டிஸ்க் பிட்லாக்கரால் (விண்டோஸின் குறியாக்கப் பூட்டு) பூட்டப்பட்டிருந்தால் அதன் ரிகவரி கீயை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பயாஸில் டிபிஎம், செக்யூர் பூட் அமைப்புகளைத் தொட்டதும் பழைய விண்டோஸ் அந்த 48 இலக்க எண்ணைக் கேட்கக்கூடும்.

செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தையும் பாருங்கள். விண்டோஸ் 10 டிஜிட்டல் லைசன்ஸோடு இயங்குகிறது என்றால், அதே பதிப்பை (ஹோம் என்றால் ஹோம், ப்ரோ என்றால் ப்ரோ) நிறுவியபின் விண்டோஸ் 11 தானாகவே ஆக்டிவேட் ஆகும். விண்டோஸ் 7, 8 காலத்துச் சாவிகளை வைத்துப் புதிதாக ஆக்டிவேட் செய்யும் வழியை மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் மூடிவிட்டது. ஆகவே இப்போது ஓடும் விண்டோஸ் 10 ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம்.

கடைசியாக, லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான வைஃபை டிரைவரை (விண்டோஸ் 10-க்கு உரியது போதும்) இறக்கி வேறொரு பென்டிரைவில் வையுங்கள். நிறுவி முடித்தபின் வைஃபை வேலை செய்யாமல், டிரைவரை இறக்க இணையமும் இல்லாமல் மாட்டிக்கொள்வது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும்.

பென்டிரைவைத் தயார் செய்தல்

குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ் வேண்டும். அதில் உள்ளதெல்லாம் அழியும். விண்டோஸ் 11-இன் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவத் தேவையான எல்லாம் அடங்கிய ஒற்றைக் கோப்பு) மைக்ரோசாஃப்டின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். அளவு 5 ஜிபிக்கு மேல். ‘தடை நீக்கப்பட்டது’, ‘எடை குறைக்கப்பட்டது’ என்ற பெயர்களில் வெளியே உலவும் ஐஎஸ்ஓக்களைத் தொடாதீர்கள். அவற்றுக்குள் யார் என்ன வைத்தார்கள் என்று உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. பாதுகாப்புக்காக மாறும்போது அந்த இடத்தில் சோம்பல்பட முடியாது.

மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் பென்டிரைவைத் தயாரித்துத் தரும். ஆனால் அது தயாரிக்கும் பென்டிரைவில் காவலாளி அப்படியே இருப்பார். நமக்கு வேண்டியது ரூஃபஸ். பீட் பட்டார்ட் என்பவர் உருவாக்கிய இலவச, திறந்த மூல மென்பொருள். நிறுவத் தேவையில்லை, இறக்கி நேரடியாக ஓட்டலாம்.

1. பென்டிரைவைச் செருகி ரூஃபஸைத் திறங்கள். மேலே ‘டிவைஸ்’ பெட்டியில் உங்கள் பென்டிரைவ்தான் தெரிகிறதா என்று அளவைப் பார்த்து உறுதி செய்யுங்கள். வெளி ஹார்ட் டிஸ்க் எதுவும் அந்த நேரத்தில் செருகியிருக்க வேண்டாம்.

2. ‘செலக்ட்’ அழுத்தி ஐஎஸ்ஓவைக் காட்டுங்கள். அதற்குப் பக்கத்தில் உள்ள சிறு டிக் குறியை அழுத்தினால் கோப்பின் ஷா-256 எண் (கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் அடையாள எண்) வரும். மைக்ரோசாஃப்டின் தளத்தில் தரப்பட்டுள்ள எண்ணோடு அது பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் இறக்கியது கெட்டுப்போயிருக்கிறது; மறுபடி இறக்குங்கள்.

3. ‘பார்ட்டிஷன் ஸ்கீம்’ (டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் முறை) இடத்தில், 2012-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ வந்த கணினி என்றால் பெரும்பாலும் ஜிபிடி, அதன் பக்கத்தில் யூஇஎஃப்ஐ. யூஇஎஃப்ஐ இல்லாத மிகப் பழைய பயாஸ் என்றால் எம்பிஆர். சந்தேகம் இருந்தால் ரன் பெட்டியில் ‘எம்எஸ்இன்ஃபோ32’ என்பதை ஆங்கில எழுத்தில் தட்டி, ‘பயாஸ் மோட்’ வரியைப் பாருங்கள். ‘லெகசி’ (பழைய பயாஸ் முறை) என்று வந்தாலும் உடனே எம்பிஆருக்குப் போக வேண்டாம். கணினி யூஇஎஃப்ஐயை ஏற்கும், பழைய விண்டோஸ் மட்டும் லெகசியில் நிறுவப்பட்டிருக்கும் என்ற நிலையும் உண்டு. பயாஸில் யூஇஎஃப்ஐ தெரிவு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஜிபிடிக்கே போங்கள்.

4. ‘ஃபைல் சிஸ்டம்’ என்டிஎஃப்எஸ் என்று இருக்கும்; மாற்றாதீர்கள். ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, ஐஎஸ்ஓவுக்குள் உள்ள முதன்மைக் கோப்போ அதைத் தாண்டுகிறது. அதனால்தான் ரூஃபஸ் என்டிஎஃப்எஸ்ஸைத் தேர்ந்து, பூட் ஆவதற்கென்று ஒரு சிறிய தனிப் பகுதியையும் பென்டிரைவின் கடைசியில் வைக்கிறது.

5. ‘ஸ்டார்ட்’ அழுத்தியதும் ஒரு சிறு பெட்டி வரும். இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். 4 ஜிபி ரேம், செக்யூர் பூட், டிபிஎம் 2.0 நிபந்தனைகளை நீக்கு என்று சொல்லும் முதல் வரியில் டிக் போடுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு கட்டாயம் என்பதை நீக்கும் வரியும், உள்ளூர் கணக்கை (அந்தக் கணினியில் மட்டும் இருக்கும் கணக்கு) உருவாக்கும் வரியும் உங்கள் விருப்பம். பிட்லாக்கர் தானாக இயங்குவதைத் தடுக்கும் வரி இருந்தால் அதையும் டிக் போடச் சொல்வேன். பழைய கணினியில் ஏதாவது கெட்டால் டிஸ்க்கைக் கழற்றி வேறிடத்தில் படிக்க அது உதவும். லேப்டாப்பை வெளியே எடுத்துப் போகிறவர் என்றால் மட்டும் இதில் மாற்றி முடிவெடுங்கள். தொலைந்தால் உள்ளிருப்பதை யாரும் படித்துவிடலாம்.

அந்த டிக் என்ன செய்கிறது? நிறுவும் நிரல் தொடங்கும்போது படிக்கும் அமைப்புகளில் ‘டிபிஎம்மைப் பார்க்காதே, செக்யூர் பூட்டைப் பார்க்காதே, ரேமைப் பார்க்காதே’ என்று எழுதி வைக்கிறது. சோதனைதான் தவிர்க்கப்படுகிறது; டிஸ்க்கில் போய் அமரும் விண்டோஸ் மைக்ரோசாஃப்ட் தந்த அதே விண்டோஸ்தான். சுவரை ஏன் இதனால் தாண்ட முடியாது என்பதும் இதிலேயே விளங்கும்.

பென்டிரைவிலிருந்து பூட் செய்தல்

லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகுங்கள். பென்டிரைவைப் பழைய யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகுவது நல்லது. சில பழைய பயாஸ்கள் நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டிலிருந்து பூட் ஆகத் தடுமாறும். கணினியை இயக்கியதும் பூட் மெனுவுக்கான பட்டனைத் திரும்பத் திரும்பத் தட்டுங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, அசூஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 மெனுவைப் பல மாடல்களில் முதலில் பயாஸில் இயக்க வேண்டும்.

மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரியலாம்: ஒன்று முன்னால் யூஇஎஃப்ஐ என்ற சொல்லோடு, இன்னொன்று வெறும் பெயராக. ஜிபிடி என்று தயாரித்திருந்தால் யூஇஎஃப்ஐ உள்ளதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். செக்யூர் பூட் பிழை காட்டினால் பயாஸில் அதை அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். நிறுவியபின் திரும்ப இயக்கிக்கொள்ளலாம். பயாஸுக்குள் போனவர்கள் டிஸ்க்கின் சாட்டா அமைப்பு ஏஎச்சிஐ என்று இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரெய்டு என்று இருந்தால், அடுத்த கட்டத்தில் டிஸ்க்கே தெரியாமல் போகலாம்.

நிறுவுதல்

மொழி, கீபோர்டு தேர்ந்தபின் ‘இன்ஸ்டால் விண்டோஸ் 11’. சாவி கேட்டால் ‘என்னிடம் சாவி இல்லை’ என்பதைத் தேர்ந்து, முன்பிருந்த அதே பதிப்பைக் காட்டுங்கள். விண்டோஸ் 8-க்குப் பிறகு விண்டோஸோடு விற்கப்பட்ட பல கணினிகளில் சாவி பயாஸிலேயே பதிந்திருக்கும். அங்கே இந்தக் கேள்வி வராமலே போகலாம்.

பிறகு பார்ட்டிஷன் பட்டியல். இங்கே மட்டும் கையை மேஜையில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் திரையைப் படியுங்கள். ‘டிஸ்க் 0’, ‘டிஸ்க் 1’ என்று ஒன்றுக்கு மேல் இருந்தால் அளவைப் பார்த்து எது எதுவென்று தெரிந்துகொள்ளுங்கள். டெஸ்க்டாப்பில் இரண்டாவது டிஸ்க் இருந்தால் கணினியை அணைத்து, அதன் கேபிளைக் கழற்றிவிட்டு வந்து உட்காருவதே என் வழக்கம். பிறகு, விண்டோஸ் போகவேண்டிய டிஸ்க்கின் எல்லாப் பார்ட்டிஷன்களையும் ஒவ்வொன்றாக நீக்கி, ‘அன்அலகேட்டட்’ என்று ஒரே வெற்றிடமாக ஆனபின் அதைத் தேர்ந்து ‘நெக்ஸ்ட்’ அழுத்துங்கள். தேவையான பார்ட்டிஷன்களை விண்டோஸே பிரித்துக்கொள்ளும். டிஸ்க் எம்பிஆரிலிருந்து ஜிபிடிக்கு மாறுவதும் இப்படி முழுதாக நீக்கினால் தானாக நடந்துவிடும்.

கணினி சில முறை ரீஸ்டார்ட் ஆகும். முதல் ரீஸ்டார்ட்டில் ‘எந்த விசையையாவது அழுத்தவும்’ என்று வந்தால் எதையும் தொடாதீர்கள். தொட்டால் மறுபடி ஆரம்பத்திற்கே போவீர்கள்.

உள்ளூர் கணக்கு வேண்டும் என்று ரூஃபஸில் தேர்ந்தவர்கள், அமைப்புக் கேள்விகள் முடியும்வரை நெட்வொர்க் கேபிளைக் கழற்றி வையுங்கள், வைஃபையிலும் இணையாதீர்கள். இணையம் கிடைத்துவிட்டால் விண்டோஸ் ஆன்லைன் கணக்கையே கேட்கத் தொடங்கும்.

பழைய விண்டோஸ் 10-ஐ அழிக்காமல், அதன்மேலேயே ஏற்றிக்கொள்ளவும் வழி உண்டு. ரூஃபஸ் 4.6 அல்லது அதற்குப் பிந்தையதில் தயாரித்த பென்டிரைவை விண்டோஸ் 10-க்குள்ளிருந்தே திறந்து ‘செட்அப்’ கோப்பை ஓட்டலாம். நிரல்களும் கோப்புகளும் இருந்தபடி இருக்கும். பிடிக்காவிட்டால் 10 நாட்களுக்குள் பழையதற்குத் திரும்பலாம். ஆனாலும் லெகசி பயாஸிலிருந்து யூஇஎஃப்ஐக்கு மாற நினைப்பவர்களும், பல ஆண்டுக் குப்பை சேர்ந்த கணினி உள்ளவர்களும் புதிதாக நிறுவுவதே மேல்.

நிறுவியபின்

முதலில் இணையத்தில் இணைந்து விண்டோஸ் அப்டேட்டை ஓடவிடுங்கள். ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே ‘ஆப்ஷனல் அப்டேட்ஸ்’ பகுதியில் டிரைவர்கள் காத்திருக்கும். பிறகு டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி உள்ளவற்றுக்கு, தயாரிப்பாளரின் விண்டோஸ் 10 டிரைவரைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வேலை செய்யும். திரை மங்கலாக, எழுத்து பெரிதாகத் தெரிந்தால் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ ஓடுகிறது என்று பொருள். கிராஃபிக்ஸ் டிரைவர்தான் தேவை.

விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘கோர் ஐசொலேஷன்’ உள்ளே ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்றொரு பாதுகாப்பு உண்டு. இன்டெலின் ஆறாம் தலைமுறை வரையிலான ப்ராசஸர்களில் இதற்குத் துணைசெய்யும் வன்பொருள் வசதி இல்லாததால், இயக்கினால் வேகம் கூடுதலாகக் குறையும். ஒரு வாரம் இயக்கி வைத்துப் பாருங்கள். வேகம் தாங்கக்கூடியதாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

சிக்கினால்

ரூஃபஸில் தயாரித்தும் ‘இயக்க முடியாது’ என்ற பழைய வரியே வந்தால், அந்தச் சிறு பெட்டியில் முதல் டிக் விடுபட்டிருக்கிறது. பென்டிரைவை மறுபடி தயாரியுங்கள். பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் லோகோ வந்ததும் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆனால், முதலில் சொன்ன சுவரைச் சந்தேகியுங்கள். ப்ராசஸர் பெயரை இன்னொருமுறை சரிபாருங்கள். ‘மீடியா டிரைவர் இல்லை’ என்று வந்தால் போர்ட்டையும் பென்டிரைவையும் மாற்றிப் பார்ப்பது முதல் வேலை. நிறுவும்போது நீலத்திரை வெவ்வேறு இடங்களில் வந்தால் ரேம்தான் குற்றவாளியாக இருக்க வாய்ப்பு அதிகம். மெம்டெஸ்ட்86+ கொண்டு ஓரிரவு சோதியுங்கள்.

ஆண்டுக்கொருமுறை

ஹோம், ப்ரோ பதிப்புகளின் ஒவ்வொரு பெரிய வெளியீட்டிற்கும் 24 மாத ஆதரவுதான். 24எச்2-க்கு 2026 அக்டோபர் 13-இலும், 25எச்2-க்கு 2027 அக்டோபர் 12-இலும் முடிகிறது. அடுத்தது தானாக வரும் என்று காத்திருக்க வேண்டாம். புதிய ஐஎஸ்ஓவை இறக்கி, ரூஃபஸின் புதிய பதிப்பில் அதே டிக்கோடு பென்டிரைவைத் தயாரித்து, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே செட்அப்பை ஓட்டுங்கள். கோப்புகள் அழியாது, ஆனாலும் பேக்அப் எடுத்துவிட்டே தொடங்குங்கள். முடிவு தேதியை இப்போதே மொபைல் காலண்டரில், ஒரு மாதம் முன்கூட்டியே நினைவூட்டும்படி குறித்து வையுங்கள். பென்டிரைவையும் அழித்து வேறு வேலைக்கு எடுக்காமல் ஒரு சீட்டு ஒட்டி எடுத்து வையுங்கள். ஒருநாள் கணினி பூட் ஆகாமல் நின்றால், ரிப்பேர் பகுதிக்குள் நுழைய அந்தப் பென்டிரைவ்தான் வழி.